லிஜ்ஜத் அப்பளம்: இடுகிற கைகளுக்கே சொந்தமான பண்டம்

மும்பையின் கிழக்குப் புறநகரில் நான் குடும்பம் நடத்தத் தொடங்கி 18 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டு மளிகைப் பட்டியலில் அரிசியின் ரகம் மாறியிருக்கிறது, எண்ணெய் மாறியிருக்கிறது, காப்பித்தூள் வாங்கும் கடை மூன்று முறை மாறியிருக்கிறது. பெண்களே உரிமையாளர்களாக இருந்து நடத்தும் லிஜ்ஜத் என்னும் அமைப்பின் உளுந்து அப்பளம் மட்டும் மாறவில்லை. சென்ற மாதம் திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களுடன் பத்து நாள் தங்கியிருந்த சித்தி, முதல் நாள் சாப்பாட்டிலேயே அதை ஒரு கடி கடித்துவிட்டு, "என்னட்டி இது, அப்பளம்னு சொல்லிட்டு மொளகுத் தட்டையப் போடுத? நம்ம கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு இது ஈடாகுமா?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. இந்தப் பண்டத்தின் சுவையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அதை இடுகிற பெண்களைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க முடியாது என்பதால், அந்தக் கேள்விக்கான விடையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லிஜ்ஜத்தில் பல வகைகள் கிடைக்கின்றன. மிளகு சேர்த்த உளுந்து அப்பளம்தான் அவற்றுள் எங்கும் எளிதாகக் கிடைப்பது. பூண்டு, சிவப்பு மிளகாய், சீரகம், பஞ்சாபி மசாலா ஆகியவை சேர்த்த வகைகளும், பயத்தம்பருப்பு மாவில் இடப்பட்ட வகையும் உண்டு. நான் பேசப்போவது பெரும்பாலும் மிளகு அப்பளத்தைப் பற்றியே. உளுந்து மாவு, ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, பெருங்காயம், உப்பு, அப்பளக்காரம், சிறிது எண்ணெய் ஆகியவைதான் சேர்மானம். மிளகை நீக்கிவிட்டால் நம் ஊர் அப்பளத்தின் சேர்மானமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் நோக்கம் வேறு. நம் அப்பளம் சிறிய வட்டமாக இடப்பட்டு, காய்ந்த எண்ணெயில் விழுந்தவுடன் பூரிபோல் உப்பி எழுவதற்காகச் செய்யப்படுவது. அது உப்பாவிட்டால் மாவு சரியாக இடிபடவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். லிஜ்ஜத் உப்புவதற்காகச் செய்யப்படுவதில்லை. ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த விட்டத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் மிளகுத் துணுக்குகள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இடப்படும் அது, முதன்மையாக நெருப்பில் சுட்டுத் தின்பதற்கான அப்பளம். குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் அப்படித்தான் உண்கிறார்கள்.

சுடுவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் சில அப்பளங்களைக் கருக்கிவிடுவது இயல்பு. தீயை நடுத்தரமாக வைத்து, இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து, முதலில் விளிம்புகளைச் சுற்றிவரச் சுட்டுவிட்டு, பிறகு நடுப்பகுதியை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். நடுவில் தொடங்கினால் விளிம்பு பச்சையாக நின்றுவிடும். அந்தப் பச்சை மாவின் கசப்பு அப்பளக்காரத்தின் வாடையோடு சேர்ந்து வாயில் தங்கும். பழுத்த இலைபோல் ஆங்காங்கே பொன்னிறப் புள்ளிகள் விழுந்து, மடங்கிக்கொண்டிருந்த பரப்பு விறைத்து நிற்கும்போது எடுத்துவிட வேண்டும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எண்ணெயில் பொரித்தாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் மிளகின் மணத்தில் பாதி எண்ணெய்க்குப் போய்விடுகிறது என்பது என் கருத்து. சுட்ட அப்பளத்தில் முதலில் உளுந்தின் வறுபட்ட மணமும், பிறகு பெருங்காயமும், விழுங்கிய பின் தொண்டையில் மிளகின் உறைப்பும் வரிசையாக வந்து சேர்வதைப் பொரித்த அப்பளத்தில் நான் கண்டதில்லை.

எதனோடு உண்பது என்பதிலும் தெளிவு வேண்டும். வத்தக்குழம்புச் சாதத்தில் நொறுக்கிப் பிசைந்து உண்ண நம் ஊர் அப்பளமே சரி. அந்த இடத்தை லிஜ்ஜத்தால் பிடிக்க முடியாது, பிடிக்க வேண்டியதும் இல்லை. தயிர்ச் சாதம், பருப்புச் சாதம், பாசிப்பருப்புக் கிச்சடி போன்று காரம் குறைந்த உணவுகளுக்கு லிஜ்ஜத் மிகப் பொருத்தமானது. ஏனென்றால் அது ஊறுகாயின் வேலையில் பாதியைத் தானே செய்துவிடுகிறது. மழைக்கால மாலைகளில் பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, கொத்தமல்லித்தழை ஆகியவற்றை எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்துச் சுட்ட அப்பளத்தின்மேல் பரப்பி உடனே உண்பது மும்பை வழக்கம். இரண்டு நிமிடம் தாமதித்தாலும் நமுத்துவிடும்.

இவ்வளவும் சுவை. ஆனால் இந்தப் பண்டத்தை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணம் அதன் மாறாத்தன்மை. 18 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பொட்டலத்துக்கும் நேற்று வாங்கியதற்கும் கனத்திலோ மிளகின் அளவிலோ உப்பிலோ எந்த வேறுபாட்டையும் என்னால் சொல்ல முடியவில்லை. இயந்திரத்தில் வார்த்தெடுக்கும் பண்டத்தில் இது வியப்புக்குரியதாக இராது. இதுவோ ஆயிரக்கணக்கான வீடுகளில், வெவ்வேறு வயதும் வெவ்வேறு கைப்பழக்கமும் உடைய பெண்கள், பத்துக்குப் பத்தடி அறைகளில் பலகையைப் போட்டு, குழவியால் ஒவ்வொன்றாக இடும் அப்பளம். இரண்டு பேர் இட்டால் இரண்டு விதமாக வரும் பண்டம் அப்பளம் என்பது அதை இட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, பல்லாயிரம் கைகள் இடுவது எப்படி ஒரே கை இட்டதுபோல் இருக்கிறது?

லிஜ்ஜத்தின் அன்றாட நடைமுறையில் இதற்கான விடை இருக்கிறது. மாவை யாரும் வீட்டில் பிசைவதில்லை. உளுந்து மியான்மரிலிருந்தும், பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்தும், மிளகு கேரளத்திலிருந்தும் வருகின்றன. அவற்றை மைய அமைப்பே மொத்தமாக வாங்கிக் கிளைகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு கிளையிலும் விடியற்காலையில் ஒரு பெண்கள் குழு மாவைப் பிசைந்து வைக்கிறது. அப்பளம் இடும் பெண்கள் முந்தைய நாள் இட்டு உலர்த்தியவற்றைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவை எடை போடப்பட்டு, சோதிக்கப்பட்டு, அன்றன்றே கூலி கைக்கு வந்துவிடுகிறது. அன்றைய மாவை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அந்தக் கூலிக்கு 'வணாயி' என்று பெயர், அதாவது இடுகூலி. வீட்டில் அப்பளம் இடவும் உலர்த்தவும் சுத்தமான இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒருவருக்கு மாவு தருகிறார்கள். மாவு ஒன்று, அளவு ஒன்று, சோதனை நாள்தோறும். தன் தவற்றை மறுநாள் காலையிலேயே அறிந்துகொள்ளும் வாய்ப்பு இடுகிற பெண்ணுக்குக் கிடைப்பதால்தான் அவளுடைய கை ஒரே அளவில் நிலைத்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் மேற்பார்வை மட்டுமே இத்தகைய தரத்தைக் கொடுத்துவிடாது என்பதை என் ஆச்சியின் வாழ்க்கையிலிருந்து அறிந்திருக்கிறேன். ஆச்சி, சித்தியின் தாயார், 32 வயதில் கணவரை இழந்தவர். மூன்று பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர் செய்த தொழில் வசதியான வீடுகளுக்குச் சென்று அப்பளம் இட்டுக் கொடுப்பது. கோடைக்காலம் தொடங்கியதும் அழைப்பு வரும். உளுந்து மாவைப் பிசைந்து, இரும்பு உலக்கையால் தோள் வலிக்க இடித்து, நல்லெண்ணெய் தொட்டு உருட்டி, நூலால் வில்லைகளாக அறுத்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்து இட்டுக்கொண்டே இருப்பார். நூறு அப்பளத்துக்கு இவ்வளவு என்று கூலி. மாவு இறுகிப்போனாலோ எதிர்பாராத மழையில் அப்பளம் நமுத்தாலோ அந்தக் கூலியிலும் பிடித்தம் உண்டு. அப்பளம் நன்றாக வந்தால் அது அந்த வீட்டு அப்பளம் என்று பெயர் வாங்கும். கெட்டுப்போனால் மட்டும் ஆச்சியின் கைக்குப் பெயர் வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் அடுத்த வெயில்வரை அந்தக் கைகளுக்கு வேலை கிடையாது. ஆச்சியிடம் திறமைக்குக் குறைவு இருந்ததில்லை. அவருக்கு இல்லாமல் போனது உரிமை.

ஆச்சி இப்படி உழைத்துக்கொண்டிருந்த அதே 1950களில் பம்பாயின் கிர்காவ் பகுதியில் என்ன நடந்தது என்பதை அறிந்தபோது, ஆச்சியை நினைத்துக்கொண்டே அதைப் படித்தேன். 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், லோஹாணா நிவாஸ் என்னும் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். ஜஸ்வந்திபேன் போபட், பார்வதிபேன் தோடானி, உஜம்பேன் குண்டலியா, பானுபேன் தன்னா, லாகுபேன் கோகானி, ஜயாபேன் விட்டலானி, திவாலிபேன் லுக்கா என்பன அவர்களுடைய பெயர்கள். பெரிய படிப்பு இல்லாதவர்கள்; வீட்டை விட்டு வெளியே சென்று வேலை பார்க்கும் வாய்ப்பும் இல்லாதவர்கள். கையில் இருந்த தொழில் சமையல் ஒன்றே. இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த சமூகத் தொண்டரான சகன்லால் கரம்சி பாரேக்கிடம் அவர்கள் 80 ரூபாய் கடன் வாங்கியிருந்தார்கள். நட்டத்தில் நடந்துகொண்டிருந்த ஓர் அப்பளத் தொழிலை ஏற்றுக்கொண்டு, தேவையான பொருள்களை வாங்கி, முதல் நாளில் 4 பொட்டலங்கள் இட்டு, பம்பாயின் புலேஷ்வர் பகுதியில் தெரிந்த ஒரு வணிகருக்கு விற்றார்கள். சகன்பாப்பா என்று அவர்கள் அழைத்த பாரேக் மூன்று செய்திகளில் உறுதியாக இருந்தார்: எந்நிலையிலும் நன்கொடை வாங்கக்கூடாது, கணக்கைத் துல்லியமாக எழுத வேண்டும், தரத்தில் இறங்கக்கூடாது. தொடக்கத்தில் அவர்கள் உயர்ந்த தரத்தில் ஒன்றும், மலிவாக விற்பதற்காகத் தாழ்ந்த தரத்தில் ஒன்றும் என இரண்டு வகை அப்பளங்கள் இட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய அறிவுரைக்குப் பிறகு தாழ்ந்த தரத்தைக் கைவிட்டார்கள். நான் மேலே புகழ்ந்த மாறாத்தன்மையின் வேர் இந்த முடிவில் இருக்கிறது. ஏழைக்கு ஒன்று, வசதியானவருக்கு ஒன்று என்று இரண்டு அப்பளம் இடுவதில்லை என்று முடிவெடுத்தவர்கள், தாங்களே வறுமையில் இருந்த பெண்கள்.

அந்த முதல் ஆண்டில் மொத்த விற்பனை 6,196 ரூபாய். உடைந்த அப்பளங்களை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டார்கள். மழைக்காலம் வந்ததும், வெயில் இல்லாமல் அப்பளம் உலராததால் நான்கு மாதம் தொழில் நின்றது. ஆச்சிக்கு ஐப்பசியில் நின்றதுபோல்தான். ஆனால் அடுத்த ஆண்டு மழைக்கு முன்பே அவர்கள் ஒரு வழி கண்டுவிட்டார்கள்: ஒரு கட்டிலையும் ஓர் அடுப்பையும் வாங்கி, கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினார்கள். தொழில் தங்களுடையதாக இருக்கும்போது மழைக்கும் வழி தேடத் தோன்றுகிறது. கூலிக்கு இடுகிறவருக்கு அந்த வழியைத் தேடும் அதிகாரமும் இருப்பதில்லை, தேடினாலும் அதன் பலன் அவருக்கு வருவதில்லை.

மூன்றே மாதத்தில் உறுப்பினர்கள் ஏறத்தாழ 25 பேர் ஆனார்கள். மூன்றாம் ஆண்டில் 300 பேரைத் தாண்டிவிட்டார்கள். மாடியில் இடம் போதவில்லை. மாவை மட்டும் பிசைந்து கொடுத்து, வீட்டில் இட்டுக் கொண்டுவரும்படி சொல்லும் முறை அந்த இட நெருக்கடியில் பிறந்ததுதான். 1962இல் ஒரு போட்டி வைத்து, வென்றவருக்கு 5 ரூபாய் பரிசளித்து, 'லிஜ்ஜத்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். குஜராத்தியில் அச்சொல் சுவையைக் குறிக்கும். அமைப்பின் முழுப்பெயர் ஸ்ரீ மகிளா கிருஹ உத்யோக் லிஜ்ஜத் பாப்பட். 1966இல் அது சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டு காதி கிராமத் தொழில்கள் ஆணையம் அதைக் கிராமத் தொழிலாக ஏற்று, 8 லட்சம் ரூபாய் நடைமுறை மூலதனமும் வரிச் சலுகைகளும் அளித்தது. பம்பாய்ப் புறநகரான மலாடில் 1961இல் தொடங்கிய கிளை முயற்சி தோற்றது; 1968இல் குஜராத்தின் வாலோடில் தொடங்கிய கிளை வேரூன்றியது. தீப்பெட்டி, ஊதுவத்தி, தோல் பொருள்கள் என்று அவர்கள் கைவைத்த சில தொழில்கள் நிலைக்கவில்லை. அப்பளம் நிலைத்தது. இன்று 17 மாநிலங்களில் ஏறத்தாழ 45,000 பெண்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டளவில் ஆண்டு விற்பனை 1,600 கோடி ரூபாயை எட்டியிருந்தது.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அமைப்பின் உட்கட்டமைப்பு. உறுப்பினர் ஒவ்வொருவரும் 'பேன்', அதாவது சகோதரி, என்றே அழைக்கப்படுகிறார். மாவு பிசைகிறவர், அப்பளம் இடுகிறவர், பொட்டலம் கட்டுகிறவர் அனைவரும் உரிமையாளர்கள். இலாபத்தைப் பகிர்ந்துகொள்வதுபோல் நட்டத்தையும் பகிர்ந்துகொள்வோம் என்னும் உறுதிமொழியில் ஒப்பமிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். சில ஆண்டுகளில் சில கிளைகளில் இலாபப் பங்கைத் தங்க நாணயமாகவே கொடுத்திருக்கிறார்கள். ஆண்கள் ஓட்டுநராகவோ கணக்கராகவோ கடை உதவியாளராகவோ சம்பளத்துக்குப் பணியாற்றலாம். உறுப்பினராக முடியாது, முடிவெடுப்பதில் குரலும் கிடையாது. ஒவ்வொரு கிளைக்கும் 'சஞ்சாலிகா' என்னும் பொறுப்பாளர் உண்டு. அவரும் உறுப்பினர்களுள் ஒருவரே. 21 பேர் கொண்ட மைய நிர்வாகக் குழுவும் சகோதரிகளால் ஆனது. முடிவுகள் ஒருமித்த கருத்தாகவே எடுக்கப்பட வேண்டும். ஓர் உறுப்பினர் மறுத்தாலும் அந்த முடிவு நிற்காது. சாதியும் மதமும் படிப்பும் உறுப்பினராவதற்குத் தடையில்லை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பெண் தலைமை என்றால் மேடையில் ஒருவர் நிற்பதையே கற்பனை செய்து பழகிய நமக்கு, தலைமையைத் தராசில் நிறுத்ததுபோல் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றலாம். நிறுவிய எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபேன் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் பெயர் அறியாமலேயே நாட்டில் கோடிக்கணக்கானோர் அவர் தொடங்கிய பண்டத்தை உண்டுவிட்டிருந்தார்கள்.

இவற்றையெல்லாம் ஓர் இரவு சித்தியிடம் சொன்னேன். கேட்டு முடித்தும் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க அம்மா அந்த மாடியில எட்டாவது ஆளா உக்காந்திருக்கலாமேட்டி. அவ கைக்கு என்ன கொறச்சல்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலையில் அவரே அடுப்படிக்கு வந்து, இடுக்கியை வாங்கி, அப்பளத்தைச் சுட்டார். முதல் அப்பளம் கருகியது. இரண்டாவது மிகப் பக்குவமாக வந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, இந்த முறை பெண்ணின் வீட்டு வேலையைக் குறைப்பதில்லை. அதன்மேல் இன்னொரு வேலையை ஏற்றுகிறது. சமைத்து, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, மீதியுள்ள பொழுதில் அவள் பலகைமுன் அமர்கிறாள். கூலி எடைக்கு ஏற்றது என்பதால் இளம் கை அதிகம் சம்பாதிக்கும். முதுகுவலியும் மூட்டுவலியும் வந்த கை குறைவாகச் சம்பாதிக்கும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கு நம் நாட்டுத் தொழிலாளர் சட்டங்கள் தரும் பாதுகாப்பு மிகக் குறைவு. உரிமையாளர் என்னும் தகுதி அந்தக் குறையை முழுவதும் ஈடுசெய்துவிடுகிறது என்று நான் சொல்லமாட்டேன். அதே வேளையில், வாசலைத் தாண்ட அனுமதி கிடைக்காத பெண்ணுக்கு, கைக்குழந்தையை விட்டுவிட்டு வரமுடியாத பெண்ணுக்கு, எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு எந்தத் தொழிற்சாலை நாள்தோறும் கூலியும் உரிமைப் பங்கும் கொடுக்கும் என்று கேட்டுப் பார்க்கிறேன். காலையில் மாவு வாங்கவும் அப்பளம் கொடுக்கவும் அவள் நாள்தோறும் வெளியே வந்துபோகிறாள். தன்னைப் போன்ற நூறு பெண்களைச் சந்திக்கிறாள். தன் கையில் தன் பணத்தை வாங்குகிறாள். இந்த இரண்டு பக்கமும் உண்மை.

இரண்டாவது குறை உடல்நலம் பற்றியது; அது லிஜ்ஜத்துக்கு மட்டும் உரியதன்று. எந்த அப்பளத்திலும் உப்பும் சோடிய உப்பு வகையைச் சேர்ந்த அப்பளக்காரமும் மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அப்பளத்தை நாள்தோறும் உண்ணக் கூடாது. எங்கள் வீட்டில் மாமனாருக்கு வாரம் ஒன்று என்று வரையறுத்திருக்கிறோம், அதுவும் சுட்டது மட்டும்.

இந்த அமைப்பு செய்யும் பிற தொண்டுகளை விளம்பரங்களில் நான் அதிகம் கண்டதில்லை என்பதால் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். உறுப்பினர்களின் பெண் மக்களுக்குச் சகன்பாப்பாவின் நினைவாகக் கல்வி உதவித்தொகை 1980களிலிருந்து வழங்கப்பட்டுவருகிறது. 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம், தொழில் தொடங்கிய அதே கிர்காவில், உறுப்பினர்களுக்கு எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கினார்கள். உறுதிமொழித் தாளில் கைநாட்டு வைத்த ஒரு பெண், சில ஆண்டுகளுக்குப் பின் கூலிப் பதிவேட்டில் தன் பெயரைத் தானே எழுதும் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். 1993இல் இலாத்தூர் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட ஒரு கிராமத்தில் வீடுகள் கட்டிக் கொடுப்பதிலும் இந்தச் சகோதரிகள் பங்கெடுத்தார்கள். நன்கொடை வாங்குவதில்லை என்று தொடங்கியவர்கள், பிறருக்குக் கொடுக்கும் நிலைக்கு அப்பளம் இட்டே வந்துசேர்ந்தார்கள்.

வாங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அப்பளம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் எளிதில் கெடும் பண்டம். முன்பு நாங்கள் குடியிருந்த தெருவில் ஒரு மளிகைக் கடையில், பொட்டலங்களை வெயில் படும் வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கே வாங்கிய ஒரு பொட்டலத்தைப் பிரித்தபோது முழு அப்பளமாக ஒன்றுகூட எஞ்சவில்லை. அது விற்றவரின் கவனக்குறைவு. பொட்டலத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள்: புதிய அப்பளம் தோல்போல் வளைந்துகொடுக்கும், பழையது ஓரத்தில் விரிசல் காட்டும். ஒத்த பெயர்களைப் பார்த்து ஏமாறாமல், மேலுறையில் அமைப்பின் முழுப்பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவற்றைப் பிய்க்க முயலாமல், சிறிது நேரம் வெயில் காட்டினால் தாமே பிரியும்.

எதை முதலில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: மிளகு உறைப்பு பிடிக்கும் என்றால் உளுந்து மிளகு வகையைத் தவிர வேறொன்றையும் தேட வேண்டாம். சிறு குழந்தைகளும் பல் தளர்ந்த முதியவர்களும் உள்ள வீட்டுக்குப் பயத்தம்பருப்பு வகை ஏற்றது; அது மென்மையாக நொறுங்கும், உறைப்பும் அடங்கியிருக்கும். பூண்டு வகையின் மணம் வலுவானது. அதைப் பருப்புச் சாதத்தோடு உண்டால் வேறு தொடுகறி தேவைப்படாது. இயந்திரத்தில் செய்த சில அப்பளங்களைவிட விலை சற்று கூடுதலாக இருக்கலாம். கூலியை அன்றன்றே கொடுத்து, இலாபத்தையும் பங்கிடும் ஓர் அமைப்பின் பண்டம் அதைவிட மலிவாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊருக்குப் புறப்படும்போது சித்தி மிளகு வகையில் இரண்டும் பயத்தம்பருப்பு வகையில் ஒன்றுமாக மூன்று பொட்டலங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நசுங்காமல் இருக்கப் புடவை மடிப்புகளுக்கு இடையில் அவரே பொதிந்து வைத்தார். வத்தக்குழம்புக்குக் கல்லிடைக்குறிச்சி அப்பளம்தான் என்பதில் அவர் இப்போதும் உறுதியாக இருக்கிறார், நானும் அதில் அவர் பக்கமே.